தண்ணீரில் பதுங்கும் செடி

நம் சங்கக் கூடத்தை ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளின் கற்பனை விளையாட்டுக்குத் தரலாமா, கூடாதா என்று சில வாரங்களாகப் பேச்சு நடக்கிறது. தரவேண்டும் என்பது என் கட்சி. எதிர்க்கட்சியில் இருப்பவர்களும் என் நண்பர்களே. பரீட்சை நேரத்தில் இது எதற்கு, பேய், அரக்கன் என்று பேசுவது நல்லதா என்று அவர்கள் கேட்பதில் தவறில்லை. ஆனால் ஒருநாள்கூட அருகில் உட்கார்ந்து பார்க்காமல் தீர்ப்பு எழுதிவிடுகிறார்களே, அதுதான் என் குறை.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 1974-இல் அமெரிக்காவில் கொண்டுவந்த விளையாட்டு இது. திரை தேவையில்லை. காகிதம், பென்சில், நம் தாயக்கட்டைக்குப் பெரியண்ணனைப் போல இருபது முகமுள்ள ஒரு பகடை, இவை போதும். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்கிறார்கள். "எதிரே ஒரு குளம். என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்பார். இவர்கள் பதில் சொல்ல வேண்டும், பகடையை உருட்ட வேண்டும், கதை நகரும். 1980-களில் அமெரிக்காவிலேயே இது பிள்ளைகளைச் சாத்தான் வழிபாட்டுக்கு இழுக்கிறது என்று பெரும் கூச்சல் எழுந்து, பிறகு அடங்கியது. ஓய்ந்துபோன அந்தக் கூச்சலை நாம் இத்தனை ஆண்டுகள் கழித்துக் கொல்கத்தாவில் இறக்குமதி செய்ய வேண்டாம்.

ஒரு வீட்டு மொட்டை மாடியில் அவர்கள் விளையாடியபோது நானும் போய் உட்கார்ந்தேன். அன்று அவர்கள் ஓர் அரக்கனை உருவாக்கிக் கொண்டிருந்தார்கள். குளத்தடியில் கிடந்து, இறங்குபவர்களைப் பிடித்துத் தின்னும் செடி!

இந்த ஜாதி அரக்கன் புதியவன் அல்ல. 1874-இல் நியூயார்க் நகரப் பத்திரிகை ஒன்று, மடகாஸ்கரில் மனிதனைத் தின்னும் மரம் இருப்பதாக ஒரு முழுப் பொய்யை அச்சிட்டது. நம்மவர்களுக்கு வேடிக்கையான செய்தி, அந்த இல்லாத மரத்தின் அறிவியல் பெயரில் பம்பாய் டாக்டர் பாவு தாஜியின் பெயரைச் சேர்த்திருந்தார்கள். இன்று மும்பை பைகுல்லாவில் அருங்காட்சியகத்துக்குப் பெயராக இருப்பவர் அவர்தான். நம் ஊர்க்காரர் சத்யஜித் ராயும் 1960-களில் புலால் உண்ணும் செடி ஒன்றை வைத்து வங்காளியில் கதை எழுதினார். இந்த விளையாட்டுக்கென 1981-இல் வந்த அரக்கர் தொகுப்பில் நீர்ச்செடி ஒன்று உண்டு. அழகிய பெண் உருவெடுத்து ஆண்களைத் தண்ணீருக்குள் மயக்கி இழுக்குமாம். பெண்களிடம் அதன் மாயம் பலிக்காதாம். பழைய மோகினிக் கதைதான். எனக்கு இது சோம்பேறிக் கற்பனையாகப் படுகிறது.

ஏனென்றால், இயற்கை இதைவிட நன்றாகக் கற்பனை செய்திருக்கிறது. யூட்ரிகுலேரியா என்ற செடியைப் பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். வேர் கிடையாது. நீருக்குள் மிதக்கும் இழைகளில் கடுகு அளவிலும் அதைவிடச் சிறிதாகவும் பைகள். ஒவ்வொரு பையும் உள்ளிருக்கும் நீரை வெளியே தள்ளிவிட்டு, ஒட்டிய கன்னத்தோடு காத்திருக்கும். வாசலில் உள்ள மயிரை ஒரு நீர்ப்பூச்சி தொட்டால் போதும், கதவு உட்புறம் திறந்து, தண்ணீரோடு பூச்சியையும் உறிஞ்சிவிடும். இதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. இன்னொன்று ஆல்ட்ரோவாண்டா. சக்கரத்தின் ஆரங்கள்போல் இலைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் சிப்பியாக மூடும் பொறி. 1696-இலேயே இந்தியாவிலிருந்து போன மாதிரியைக் கொண்டு ஓர் ஆங்கிலேயர் இதைப் பதிவு செய்தார். டார்வின் 1875-இல் வெளியிட்ட நூலில் இரண்டைப் பற்றியும் விரிவாக எழுதியிருக்கிறார்.

இவை பூச்சி தின்பது கொடுமையால் அல்ல, வறுமையால். அவை வாழும் நீரில் தழைச்சத்து மிகக் குறைவு. இதை நான் சொன்னதும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். அப்படியானால் குளத்தில் உரம் கொட்டினால் அரக்கன் பட்டினி தீர்ந்து பொறி வைப்பதை விட்டுவிடுவானா? யூட்ரிகுலேரியாவைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய உண்மை. சத்து மிகுந்த நீரில் அது பைகளைக் குறைத்துக்கொள்ளும். வாள் வேண்டாம், சாணிக்கூடை போதும் என்று ஒரே ஆரவாரம். அப்போது பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள், "மாமா, உரம் போட்டால் கொச்சுரிபானா வந்துவிடாதா?"

அதற்குமேல் எனக்கு வேலையே இல்லை. அவள் கேட்டதுதான் வங்காளத்தின் நிஜ அரக்கன். தென்னமெரிக்காவிலிருந்து அழகுப் பூவுக்காகக் கொண்டுவரப்பட்டது. ஆறு, கால்வாய்களை அடைத்து, படகை நிறுத்தி, வயலுக்குள் புகுந்து, 1936-இல் தன் பெயரிலேயே ஒரு சட்டம் போட வைத்தது. யாரையும் கடிக்காது. குளத்தை மூடி வெளிச்சத்தை மறைத்து, பிராணவாயுவைக் குறைத்து மீனைக் கொல்லும். சாக்கடையும் உரமும் கலந்த நீர் அதற்கு விருந்து. அதே நீர் ஆல்ட்ரோவாண்டாவுக்கு எமன். உலகில் பல இடங்களில் ஆல்ட்ரோவாண்டா அழிந்துவிட்டதற்கு முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. ஆனாலும் கொச்சுரிபானாவை முழு வில்லனாக்கவும் முடியாது. கிழக்குக் கொல்கத்தாவின் கழிவுநீர் மீன்பண்ணைகளில் கரையை அலை அரிக்காமலிருக்க ஓரமாக இதைத்தான் விட்டு வைக்கிறார்கள்.

பிள்ளைகள் ஒரு மணி நேரம் வாதாடினார்கள். சின்ன அரக்கனைக் கொன்றால் பெரிய அரக்கன் வருகிறான் என்றால் வீரன் என்ன செய்வது? அறிவியல் வகுப்பில் இந்தக் கேள்வி இவ்வளவு சூடாக எழுந்து நான் பார்த்ததில்லை.

நான் கூடத்தைக் கேட்பதற்கு இதைவிட முக்கியமான காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகளின் தமிழ் என்ன? சாப்பிடு, குளி, படி, தூங்கு. வீட்டுக்குள் இடப்படும் கட்டளைகளுக்கு அது போதும். ஒரு குளத்தை வர்ணிக்கப் போதாது. அன்று கதை நடத்திய பையன் தமிழில்தான் தொடங்கினான். படித்துறையில் கால் வைத்ததும் வங்காளிக்கும் ஆங்கிலத்துக்கும் தாவிவிட்டான். சேறு, பாசி, மதகு, சுழல் என்று நாங்கள் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, எழுதி வைத்துக்கொண்டான். எத்தனை போட்டி, பரிசு வைத்தும் நம் ஞாயிறு வகுப்பில் நடக்காதது இது. கதை நின்றுவிடக் கூடாதே என்ற அவசரத்தில் சொல்லைத் தேடி வருகிறார்கள்.

கொச்சுரிபானாவுக்குத் தமிழில் என்ன என்று கேட்டபோது பெரியவர்கள் நாங்கள் தான் சண்டை போட்டோம். ஆகாயத்தாமரை என்றார் ஒருவர். வெங்காயத்தாமரை என்றார் இன்னொருவர். அவரவர் மாவட்டம் அவரவர்க்கு.

ஆகவே நிர்வாகக் குழுவுக்கு என் யோசனை: ஞாயிறு நான்கு முதல் ஆறரை வரை கூடத்தைக் கொடுங்கள், பரீட்சை மாதங்களில் நிறுத்திக்கொள்ளலாம். கதை நடத்துபவர் தமிழில் நடத்த வேண்டும் என்ற ஒரே நிபந்தனை போதும். ஆட்சேபிப்பவர்கள் ஒருநாள் வந்து ஒரு பாத்திரம் எடுத்துக்கொள்ளட்டும். நாற்காலி போட்டு வைக்கச் சொல்கிறேன். அந்தக் குளத்துச் செடிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லையாம். வரும்போது நல்ல பெயர் ஒன்றையும் யோசித்துக்கொண்டு வாருங்கள்.