குருதிப் புற்றுநோயும் மாணாக்கர் உரிமையும்

குருதிப் புற்றுநோய் என்றவுடன், ‘இனிப் படிப்பு எதற்கு?’ என்பார் நம்மிடையே இன்றும் உளர். இக்கூற்றை நாம் மறுக்கின்றோம். சிறுவரின் இந்நோயை மருந்தினால் சிலகாலமேனும் தணிக்கலாமென 1948இல் அமெரிக்க மருத்துவர் சிட்னி பாபர் காட்டினார். இன்று வளமிக்க நாடுகளில் இந்நோயுற்ற சிறுவருட் பெரும்பாலார் பிழைக்கின்றனர். ஆயின், சிகிச்சை இரண்டாண்டுக்கு மேலும் நீளக்கூடும். அதற்குள் அப்பிள்ளையின் பெயரை இடாப்பிலிருந்து நீக்குதல் நீதியாகுமா? இலங்கை 1991இல் ஏற்ற சிறுவர் உரிமைச் சமவாயத்தின்படி கல்வி ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை. இரக்கத்தால் ஈயும் பிச்சையன்று.

இந்நோய் பிறருக்குத் தொற்றாது. பிறரிடமிருந்து தொற்றும் கொப்புளிப்பானும் சின்னமுத்துமே அப்பிள்ளைக்குப் பேராபத்தாம். வகுப்பில் அவை தோன்றின் உடனே பெற்றோருக்கு அறிவித்தலும், பாடங்களை வீட்டுக்கு அனுப்புதலும், மீள்வோனின் ஆசனத்தைக் காத்து வைத்தலும் ஆசிரியர், மாணவர் கடன். சிகிச்சைக்கு வேண்டும் குருதியைப் பழைய மாணவர் ஈவாராக.