சோழன் பெயர், அயலார் பந்தி!

சென்னைக் கிண்டியில் 2012-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற 'ஐ.டி.சி. கிராண்ட் சோழா', 600 அறைகள் கொண்ட பெருவிடுதி. தஞ்சைப் பெருங்கோயிலின் சாயலில் எழுந்தது என்று பெருமை பேசுவது. பேசட்டும்! ஆனால், வாயிலில் நிறுத்தப்பட்ட சோழனுக்கு உள்ளே இடம் உண்டா?

ஓர் உணவகத்தின் பெயர் 'பெசாவரி'. குடியகத்தின் பெயர் 'டிராங்குபார்'. தரங்கம்பாடியைப் பலுக்கத் தெரியாத ஐரோப்பியர் வாயில் அவ்வூர் பட்ட பாடு அது! உடல்பேணகம் 'காய கல்ப்'. 2017-இல் தென்னாட்டு உணவுக்கெனவே திறந்த உணவகத்திற்கும் 'ஆவர்த்தனா' என்னும் வடசொல்லே வாய்த்தது!

விருந்தோம்பலுக்குத் தமிழில் சொற்பஞ்சமா? பெயரே வடமொழியாகிவிட்ட பிரம்மதேசத்தையும் மரக்காணத்து உப்பளங்களையும் உள்ளடக்கிய நிலம், பண்டை ஓய்மாநாடு. அதன் தலைவன் நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை, வழிநெடுகப் பந்தி விரிக்கின்றது. மரக்காணப் பகுதியே என அறிஞர் கருதும் எயிற்பட்டினத்தில் தேறலும் சுட்ட குழல்மீனும்; வேலூரில் புளிச்சோறும் ஆமான் சூடும்; ஆமூரில் வெண்சோறும் நண்டும்! ஊணுக்கும் பெயருண்டு, உவந்தளித்த மாந்தர்க்கும் பெயருண்டு.

வணிகர்க்குச் சோழன் பெயர் விலைபோகும் சரக்கு; அவன் மொழியோ வேண்டாச் சுமை. இதனை மாற்றும் வலிமை, இத்தகு விடுதிகளில் மணவிழா எடுக்கும் தமிழ்ச் செல்வர்க்கு உண்டு. பொருள் கொடுப்போர், தமிழ்ப்பெயர் கேட்கட்டும்! கேளாத வாய்க்குப் பிறன் சொல்லே பரிமாறப்படும்.