சிரித்துப் பேசும் காந்திபாபு

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த செப்பேடுகள், 7-ம் நூற்றாண்டில் பல்லவன் பரமேசுவரவர்மன் அளித்தவை. அவற்றின் மதிப்பு அதிலுள்ள எழுத்தில் இருக்கிறது. ஆனால் பழைய செம்பு என்றாலே, "இரிடியம் கலந்தது, அரிசியை இழுக்கும், கோடி பெறும்" என்று கதை கட்டுகிறவர்களும் இருக்கிறார்களே! அந்த ஆசாமிகளின் வித்தைகளைத் திரையில் விரித்துக் காட்டியது, 2014-ல் வந்த 'சதுரங்க வேட்டை'. டைரக்டர் எச். வினோத்துக்கு முதல் படம். காந்திபாபுவாக வரும் நட்டி கத்தியைக் காட்டி மிரட்டுவதில்லை. சிரித்துப் பேசியே பெட்டியைத் திறக்க வைத்துவிடுகிறார்!

செட்டியார் தலையில் மண்ணுளிப் பாம்பைக் கட்டும் கட்டத்தைக் கவனியுங்கள். அந்தப் பாம்பை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஏமாந்தவர் எந்த முகத்தோடு போலீசுக்குப் போவார்? பிறர் ஆசையோடு இந்த வெட்கத்தையும் சேர்த்தல்லவா அவன் முதலாக்குகிறான்! சட்டம் துரத்தியும் பின்தங்குவது இதனால்தான்.

காதல் வந்ததும் அவன் திருந்துவது கொஞ்சம் அவசரமாகப் பட்டது. போகட்டும். "இரண்டே மாதத்தில் பணம் இரட்டிப்பாகுமாம்" என்று அடுத்த வீட்டு மாமி உற்சாகமாக வந்தால், அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இந்தப் படத்தைப் பாருங்கள், சகோதரிகளே!