பகலில் பரி, இரவில் நரி: டிவிடெண்ட் பங்குகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மதுரை மாவட்டம், மேலூர் பக்கம் இருக்கிறது திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர். பாண்டிய மன்னன் தன் அமைச்சரான அவரிடம் பணம் கொடுத்துக் குதிரை வாங்க அனுப்பிய கதை ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். மதுரைக்கு வந்து இறங்கிய குதிரைகளைப் பார்த்து மன்னன் பூரித்துப்போனான். அன்று இரவே அவை நரிகளாகி ஊளையிட்டன.

புராணத்தில் அது இறைவனின் திருவிளையாடல். பங்குச் சந்தையிலும் பரி நரியாவது உண்டு. ‘வங்கி வட்டியைவிட இரண்டு மடங்கு டிவிடெண்ட்’ என்ற பேச்சைக் கேட்டு, ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தையோ நிலம் விற்ற பணத்தையோ ஒரே பங்கில் போடுபவர்களுக்கு அந்த அதிர்ச்சி வருகிறது.

குத்தகை போன்றதுதான்

டிவிடெண்ட் என்பது நிறுவனம் தன் லாபத்தில் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் பணம். வயலைக் குத்தகைக்கு விட்டால் வயலும் நம்மிடம் இருக்கும், வருடாவருடம் நெல்லும் வரும் அல்லவா, அதுபோல. ஆனால் கால்வாயில் தண்ணீர் வராத வருடம் விளைச்சல் குறையும். அதேபோல லாபம் குறைந்தால் டிவிடெண்டும் குறையும், நின்றும் போகும். வங்கி டெபாசிட் வட்டி போல இதற்கு உத்தரவாதம் கிடையாது.

2020 ஏப்ரலில், கொரோனா சமயத்தில், 2019-20ஆம் ஆண்டு லாபத்திலிருந்து டிவிடெண்ட் தர வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் உத்தரவிட்டது. நன்றாக நடந்துகொண்டிருந்த வங்கிகளின் பங்குதாரர்களுக்கும் அந்த வருடம் கை காய்ந்தது. வங்கிப் பங்குகளை மட்டுமே வைத்திருந்தவர் என்ன செய்திருப்பார்? அதனால்தான் பணத்தை ஐந்தாறு வெவ்வேறு தொழில்களில் பிரித்துப் போடச் சொல்கிறார்கள்.

சதவிகிதத்தைப் பார்த்து மயங்காதீர்கள்

‘500 சதவிகித டிவிடெண்ட்’ என்று செய்தி வரும். அது பங்கின் முகமதிப்பில் கணக்கிடுவது. முகமதிப்பு 1 ரூபாய் என்றால் கையில் வருவது 5 ரூபாய். அந்தப் பங்கின் சந்தை விலை 500 ரூபாய் என்றால், நம் பணத்துக்குக் கிடைப்பது வெறும் 1 சதவிகிதம்தான். எப்போதும் சந்தை விலையோடு ஒப்பிட்டே பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கிலும் ஒரு கண்ணி உண்டு. வேதாந்தா நிறுவனம் 2022-23இல் ஒரு பங்குக்கு 101.50 ரூபாய் தந்தது. அடுத்த வருடம் தந்தது 29.50 ரூபாய். கோல் இந்தியா 2013-14இல் 29 ரூபாய் தந்தது; 2019-20இல் 12 ரூபாய். 2023-24இல் அது மறுபடி 25.50 ரூபாய் ஆனது. உலோகம், நிலக்கரி போன்ற தொழில்களில் ஏற்ற இறக்கம் சகஜம். நல்ல வருடத்து டிவிடெண்டை மட்டும் பார்த்து, ‘இது வருடாவருடம் வரும்’ என்று குடும்பச் செலவுக்குக் கணக்குப் போடுவதுதான் தவறு.

ஐடிசி நிறுவனத்தைப் பாருங்கள். 2020-21இல் 10.75 ரூபாய், அடுத்த வருடம் 11.50, அதற்கடுத்து 15.50, பிறகு 13.75, 2024-25இல் 14.35. நடுவில் குறைந்தது போலத் தெரிகிறதே? அந்த 15.50இல் 2.75 ரூபாய் சிறப்பு டிவிடெண்ட். அதைக் கழித்தால் 12.75. அப்போது படிப்படியாக ஏறுவது தெரியும். சிறப்பு டிவிடெண்ட் தீபாவளி போனஸ் மாதிரி. அதைச் சம்பளத்தோடு சேர்க்கக் கூடாது. (இவை உதாரணங்கள்தான், வாங்கச் சொல்லும் பரிந்துரை அல்ல.)

அப்பாவுக்கு ஒன்று, மகனுக்கு வேறு

திருவாதவூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் 45 வயதுக்காரர் ஒருவர், அவருடைய 70 வயது அப்பா என்று வைத்துக்கொள்வோம். இருவரிடமும் தலா 1 லட்சம் ரூபாய் இருக்கிறது. ஒரு நிறுவனம் வருடம் 8,000 ரூபாய் தருகிறது, ஆனால் அது ஏறுவதில்லை. இன்னொன்று முதல் வருடம் 2,500 ரூபாய்தான் தருகிறது, ஆனால் வருடம் 12 சதவிகிதம் கூடுகிறது.

இரண்டாவது நிறுவனம் 11ஆவது வருடத்தில் சுமார் 7,800 ரூபாய் தரும். 16ஆவது வருடத்தில் சுமார் 13,700 ரூபாய். மகன் 60 வயதைத் தொடும்போது விலைவாசியை ஓரளவு எதிர்கொள்ளும் வருமானம் அது. ஆனால் முதல் 10 வருடத்தைக் கூட்டிப் பார்த்தால், முதல் நிறுவனம் 80,000 ரூபாய் தந்திருக்கும். இரண்டாவது 44,000 ரூபாய்கூடத் தந்திருக்காது. அந்த 12 சதவிகித வளர்ச்சியும் யாரும் எழுதிக் கொடுத்ததல்ல.

ஆகவே, இந்த மாத மருந்துச் செலவுக்குப் பணம் தேவைப்படும் அப்பாவுக்கு டிவிடெண்ட் பங்கு முதல் தேர்வே அல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி தரும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டமும் வங்கி டெபாசிட்டும்தான் அவருக்கு அஸ்திவாரம். காத்திருக்க வருடங்கள் உள்ள மகனுக்குத்தான் வளரும் டிவிடெண்ட். கடை வருமானம் இருக்கும்வரை, வரும் டிவிடெண்டைச் செலவழிக்காமல் மறுபடி பங்கு வாங்கினால் பலன் இன்னும் கூடும்.

வாங்கும் முன் நான்கு கேள்விகள்

* கடந்த 10 வருடத்தில் டிவிடெண்ட் எப்படி ஏறியிருக்கிறது? முக்கியமாக, மோசமான வருடங்களில் என்ன ஆனது?

* லாபத்தில் எவ்வளவு பங்கைத் தருகிறார்கள்? ஒரு பங்குக்கு 20 ரூபாய் லாபத்தில் 8 ரூபாய் தந்தால் நிதானம். 10 ரூபாய் லாபத்துக்கு 12 ரூபாய் தந்தால் அது விதைநெல்லை விற்றுச் சாப்பிடுவது.

* கடன் எவ்வளவு? வட்டி கட்டவே திணறும் நிறுவனத்தின் டிவிடெண்ட் நிலைக்காது.

* லாபம் வளர்கிறதா? லாபம் வளராமல் டிவிடெண்ட் வெகுகாலம் வளர முடியாது.

இந்தத் தகவல்கள் நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலேயே இருக்கும்.

இன்னொன்று: டிவிடெண்ட் அறிவிப்பு வந்ததும் அவசரமாக வாங்குவதில் லாபமில்லை. டிவிடெண்டுக்கான தகுதித் தேதி வந்ததும் பங்கின் விலை பொதுவாக ஏறத்தாழ அந்த அளவுக்கு இறங்கிவிடும்.

வாங்கிய பிறகு

தினமும் விலையைப் பார்க்க வேண்டாம். வருடம் ஒருமுறை ஆண்டறிக்கை வந்ததும் இதே நான்கு கேள்விகளைத் திரும்பக் கேளுங்கள். டிவிடெண்ட் குறைந்திருந்தால் உடனே விற்றுவிடாதீர்கள்; காரணத்தைப் பாருங்கள். புதுத் தொழிற்சாலைக்காகக் குறைத்தது வேறு, விற்பனை படுத்துக் குறைத்தது வேறு.

2020 ஏப்ரல் முதல் டிவிடெண்ட் நம் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படுகிறது. ஒரே நிறுவனத்திலிருந்து வருடத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல் வந்தால் 10 சதவிகிதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பேன் எண் இல்லாவிட்டால் 20 சதவிகிதம்.

வீட்டில் தாத்தா காலத்துப் பங்குப் பத்திரங்கள் இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். தொடர்ந்து 7 வருடம் யாரும் கேட்காத டிவிடெண்டும், அதற்குரிய பங்குகளும் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். திரும்பப் பெறலாம், ஆனால் அலைய வேண்டும். டீமேட் கணக்கில் நாமினி பெயரும், இப்போது பயன்பாட்டில் உள்ள வங்கிக் கணக்கும் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். எந்தெந்தப் பங்கு இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் காட்டிவையுங்கள். வளர்ந்துவரும் வருமானம் அடுத்த தலைமுறையின் கைக்குப் போய்ச் சேர வேண்டுமே!