வாங்கிய கை எது?

தோட்ட லயத்து மூதாட்டி ஒருவர், மலாய் மொழிக் கடிதம் ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு நம் சங்கக் காரியாலயத்துக்கு வந்தார். வேலைத்தலத்து விபத்தில் மகன் மாண்டான். மருமகள் முன்பே போய்விட்டாள். ஒரே பேத்திக்குரிய சொக்சோ பணத்தைப் பாட்டிதான் பாதுகாவலராக இருந்து வாங்கி வந்தார். பேத்திக்கு 19 வயதில் கலியாணம் ஆயிற்று. அதன் பிறகும் பதினொரு மாதம் பணம் வந்தது. அதைத் திருப்பிக் கட்டச் சொல்கிறது கடிதம்.

"நான் ஒரு காசு தின்னலையே அப்பா!" என்று அழுதார். உண்மைதான். பணமெல்லாம் கலியாணக் கடனுக்கும், பேத்தியின் தலைப்பிரசவச் செலவுக்கும் போயிற்று.

1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, பிள்ளைகளின் பங்கு 21 வயது வரை அல்லது மணமாகும் வரைதான். முதல் பட்டத்துக்குப் படிப்பவருக்குப் படிப்பு முடியும்வரை நீளும். உரிமையின்றிப் பெற்ற பணத்தைப் பெற்றவர் திருப்பித் தரவேண்டும். அவர் இறந்துவிட்டால், அவர் விட்டுச்சென்ற சொத்தை வைத்திருப்பவர் அந்தச் சொத்திலிருந்து தரவேண்டும். தம் பிரட்டுச் சம்பளத்திலிருந்து அல்ல. இதை நன்றாக நினைவில் வையுங்கள்.

ஆனால் பிறருக்காகக் கைநீட்டியவரும் "பெற்றவர்" தானா? பிள்ளைக்கே செலவிட்டவரையும், பிள்ளையைப் பட்டினி போட்டு நாலு நம்பர் எழுதியவரையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமன்று என்பதே நம் கட்சி.

ஆயினும் பாட்டியின் பிசகை மூடி மறைக்க மாட்டோம். கலியாணப் பத்திரிகை லயமெல்லாம் போயிற்று. சொக்சோவுக்கு மட்டும் போகவில்லை.

கிராணிமார்களுக்கும் ஒரு சொல். பாரத்தில் கைநாட்டு வாங்கும்போது, எந்த மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பதைத் தமிழில் வாசித்துக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? ஐந்து நிமிட வேலை.

தோழர்களே, இத்தகைய கடிதம் வந்தால் பெட்டியில் போட்டுப் பூட்டாதீர்கள். ரசீதும் கணக்கும் எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். தவணையில் கட்ட அனுமதி கேட்கலாம். கேட்கும் தொகையே தவறென்றால், வழக்காடச் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியம் இருக்கிறது.

பாட்டியிடம் பேத்தியின் பழைய பள்ளி நோட்டில் கிறுக்கிய செலவுக் கணக்கு உள்ளது. இரண்டு மாதத்து ஏடுகள் கிழிந்துபோயின. எஞ்சியதை வைத்து மனு எழுதி அனுப்பியிருக்கிறோம்.