திரையில் கண்டவை: கட்டிலைச் சுற்றிப் பேசுகிறவர்கள்



சென்ற மாதத்தில் வீட்டில் இருந்தபடியே நான்கு தமிழ்ப் படங்களைப் பார்க்க வாய்த்தது. ஒன்று முடிந்ததும் பிள்ளைகள் மற்றொன்றைச் சொன்னார்கள். அதைப் பார்த்ததும் பழைய படம் ஒன்று நினைவுக்கு வந்தது. இப்படியாக நான்கையும் பார்த்து முடித்தபோது, ஒவ்வொன்றிலும் ஒரு முதியவர் இருப்பது புலனாயிற்று. ஆகவே இம்மாதப் பக்கத்தை அந்த நால்வருக்கே ஒதுக்குகிறேன். இங்கு எழுதுபவை என் சொந்த அபிப்பிராயங்களே. உங்கள் இல்லத்தில் வேறு அபிப்பிராயம் எழுமாயின் அதுவும் நன்றே.

முதலாவது, மதுமிதா இயக்கத்தில் 2019-ஆம் ஆண்டு வெளிவந்த ‘கே.டி. (எ) கருப்புதுரை’. எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் மூன்று மாதங்களாக நினைவிழந்து கிடக்கிறார். ஒருநாள் விழிப்பு வருகிறது. வந்த வேளையில் அவர் காதில் விழுவது, தம் பிள்ளைகள் தமக்குத் தலைக்கூத்தல் செய்ய ஆலோசிக்கும் பேச்சு! தென் மாவட்டத்து வாசகர்களுக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: படுக்கையில் விழுந்த முதியவரை எண்ணெய்க் குளியலாட்டி, இளநீரைப் புகட்டி, விரைவில் சாகச் செய்யும் கொடுமைக்குச் சில ஊர்களில் வழங்கிய பெயர் அது. வழக்கம் என்று சொல்லிக்கொண்டாலும், சட்டத்தின் கண்ணில் அது கொலையே.

பெரியவர் வீட்டைவிட்டு வெளியேறிவிடுகிறார். வழியில் குட்டி என்னும் அநாதைச் சிறுவனோடு சிநேகம் உண்டாகிறது. இருவருமாகச் சேர்ந்து, பெரியவரின் நிறைவேறாத ஆசைகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக நிறைவேற்றப் புறப்படுகிறார்கள். மு. ராமசாமியும் சிறுவன் நாகவிஷாலும் நடிக்கிறார்கள் என்ற எண்ணமே எழவில்லை. பிரியாணிக்கு முன் அமர்ந்த அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்த்து எங்கள் வீட்டில் எல்லாரும் சிரித்தோம். எனினும் எனக்கு ஒரு குறை உண்டு. படம் துயரத்தைச் சற்று எளிதாகவே கடந்துவிடுகிறது. எழுந்து நடக்கக் கால்கள் உள்ளவர் தப்பினார்; கால்கள் இல்லாதவர் கதி என்ன?

அக்கேள்விக்கு விடை போல அமைந்தது ‘பாரம்’. பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய இப்படம் 2018-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்திற்கான தேசிய விருதைப் பெற்று, 2020-இல் திரையரங்குகளுக்கு வந்தது. கருப்பசாமி இரவுக் காவலாளி. தங்கையின் குடும்பத்தோடு வாழ்பவர். விபத்தொன்றில் இடுப்பெலும்பு முறிந்துபோகிறது. மகன் வந்து, சிகிச்சையைத் தட்டிக் கழித்துத் தன் வீட்டிற்குக் கொண்டுபோகிறான். அதன்பின் நடப்பதை எழுத மனம் வரவில்லை. ஆடம்பரமான இசையோ, பெயர்பெற்ற நட்சத்திரமோ இதில் இல்லை. சில காட்சிகள் செய்திப்படம் போல வறண்டிருக்கின்றன என்று பிள்ளைகள் குறைப்பட்டார்கள். எனக்கோ அந்த வறட்சியே பொருத்தமாகப் பட்டது. கருப்பசாமியாக வரும் ஆர். ராஜு, படுத்த படுக்கையில் கண்களாலேயே பேசுகிறார்.

இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது ஓர் ஒற்றுமை என்னை உறுத்தியது. எண்ணெயும் இளநீரும் பிற்பாடு வருபவை. அதற்கு நெடுநாள் முன்பே, வீட்டார் அந்த மனிதரோடு பேசுவதை விட்டுவிட்டு, அவரைப் பற்றி மட்டும் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். செலவைப் பற்றிப் பேசுகிறார்கள். சொத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். ஊரார் சொல்லைப் பற்றியும் பேசுகிறார்கள். “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று அவரிடம் கேட்பார் மட்டும் இல்லை. கட்டிலில் உயிரோடு கிடப்பவரைச் சுற்றி நின்று, அவர் அங்கே இல்லாதது போலப் பேசும் அந்தப் பேச்சிலேயே பாதி உயிர் போய்விடுகிறது.

மூன்றாவது படம் எம். மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’. 2022-இல் வெளிவந்தது. காது மந்தமான மாயாண்டி, ஊரில் இன்னமும் உழுது பயிரிடும் ஒரே முதியவர். குலதெய்வக் கொடைக்கு நெல் விளைவித்துத் தரும் பொறுப்பு அவருக்கு வருகிறது. இதற்கிடையே, வயலில் இறந்து கிடந்த மயில்களைப் புதைத்ததற்காக, அவற்றைக் கொன்றவர் என்றே அவர்மீது வழக்குப் பாய்கிறது. நீதிமன்றத்தில் நிற்கும்போதும் அவர் கவலையெல்லாம் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச ஆளில்லையே என்பதுதான். இளம் பெண் நீதிபதி ஒருவர் அவர் சொல்வதைச் செவிகொடுத்துக் கேட்கிறார். அந்த ஒருவர் கேட்டதும் கதையின் போக்கே மாறுகிறது. மாயாண்டியாக நடித்த நல்லாண்டி மெய்யாகவே விவசாயி. படம் வெளிவருமுன் காலமாகிவிட்டார். அவருடைய நடிப்புக்குத் தேசிய விருது நடுவர் குழு பின்னர் சிறப்புக் குறிப்பு வழங்கியது. விஜய் சேதுபதி வரும் பகுதிகள் கதையைவிட்டு விலகிச் செல்வதாக எனக்குத் தோன்றியது. ஆயினும் படத்தின் நிதானம் மனத்துக்கு இதமாக இருந்தது.

நான்காவது, பாலு மகேந்திராவின் ‘வீடு’. 1988-இல் வெளிவந்த இப்படத்தில் அர்ச்சனாவின் நடிப்பைப் புகழாதவர் இல்லை. இம்முறை என் கண்கள் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதரையே தொடர்ந்தன. பேத்தி அரும்பாடுபட்டுக் கட்டும் வீட்டைப் பார்க்க ஆசைப்பட்டு, அந்த முதியவர் தனியாகவே புறப்பட்டுப் போகிறார். பாதி எழும்பிய சுவர்களைக் கண்டு அவர் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சியை மறக்க இயலாது. திரும்பும் வழியில் அவர் உயிர் பிரிந்துவிடுகிறது. இந்த வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. பேத்திமார் அவர்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். ஆனாலும் சிமெண்டு, கடன், வேலை என்ற ஓட்டத்தில், தாத்தாவை ஒருநாள் அழைத்துப்போய்க் காட்ட அவர்களுக்குத் தோன்றவில்லை. கொடியவர்கள் வீட்டில் மட்டுமல்ல, நல்லவர்கள் வீட்டிலும் முதியவர் தனித்துப் போகக்கூடும் என்பதை இப்படம் குற்றஞ்சாட்டாமலேயே காட்டிவிடுகிறது.

நம் வீடுகளில் தலைக்கூத்தல் இல்லை என்று நாம் நிம்மதி கொள்ளலாம். ஆனால் “அப்பாவுக்கு ஒன்றும் புரியாது” என்று அவர் முன்னிலையிலேயே சொல்வது நம்மிடம் இல்லையா? மருத்துவர் பெரியவரைப் பார்த்து, “ராத்திரி தூங்கினீர்களா?” என்று கேட்டால், அவர் வாய் திறக்குமுன் மகனோ மருமகளோ பதில் சொல்லிவிடுவதில்லையா? பெற்றோரைப் பராமரிக்கத் தவறும் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற 2007-ஆம் ஆண்டின் மத்திய சட்டம் வழி செய்கிறது. சட்டம் சோற்றுக்கும் மருந்துக்கும் பணம் வாங்கித் தரலாம். அருகில் அமர்ந்து பேச ஆளை எந்தச் சட்டமும் அனுப்பாது.

இனி, எதை யாரோடு பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு: கருப்புதுரையைப் பேரப்பிள்ளைகளும் தாத்தா பாட்டியும் கூடியிருந்து பார்க்கலாம், தொடக்கக் காட்சிகளை மட்டும் சிறுவர்களுக்குப் பெரியவர்கள் பக்குவமாக விளக்க வேண்டியிருக்கும். ‘கடைசி விவசாயி’யை அவசரமில்லாத ஒரு விடுமுறை நாளில் பாருங்கள். ‘வீடு’ எல்லா வயதினருக்கும் உரியது. ‘பாரம்’ சிறுவர்க்கு வேண்டாம். பிள்ளைகள் உறங்கியபின் கணவனும் மனைவியும் பார்த்து, பிறகு சற்று நேரம் பேசிக்கொள்ளட்டும்.

எந்தப் படமாயினும், முடிந்ததும் உடனே விளக்கைப் போட்டு எழுந்துவிடாதீர்கள். வீட்டிலுள்ள பெரியவரைப் பார்த்து, “உங்களுக்குப் படம் எப்படி இருந்தது?” என்று கேளுங்கள். பதில் வரச் சற்றுத் தாமதமாகும். காத்திருங்கள்.