அந்தப் புன்னகை யாருடையது?

"மோனாலிசாப் புன்னகை" என்ற தொடரைத் தமிழில் எழுதுவதை நாம் நிறுத்தவேண்டும். திரைப்பாடலில் வந்தால் விட்டுவிடலாம். சிறுகதையிலும் நூல் மதிப்புரையிலும், ஓவியம் பற்றிய கட்டுரைகளிலும்கூட அது வந்துகொண்டிருக்கிறது. ஒரு பெண்ணின் மனதுக்குள் போக வழி தெரியாத இடத்தில் எழுத்தாளர் அவள் உதட்டில் இதை ஒட்டிவிடுகிறார். மர்மம் என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு பார்க்கும் வேலை மிச்சம்.

இந்த மர்மத்தைச் செய்தவர்கள் யார்? 1550இல் வெளியான கலைஞர் வரலாற்றில் ஜோர்ஜோ வசாரி இந்தப் புன்னகையைப் புகழ்கிறார். லிசா சோர்ந்துவிடாதிருக்கப் பாடகர்களையும் கோமாளிகளையும் லியனார்டோ அருகில் வைத்திருந்தார் என்ற கதையும் அவர் தந்ததே. ஆனால் 1516 அளவில் லியனார்டோ பிரான்ஸுக்குப் போனபோது ஓவியமும் கூடவே போய்விட்டது. அப்போது வசாரி ஐந்து வயதுச் சிறுவன். காணாத ஓவியத்தைத்தான் அவர் வர்ணித்தார். இன்று நமக்குத் தெரியாத புருவங்களைக்கூட விவரித்தார். 1869இல் வால்டர் பேட்டர் அவளை யுகயுகமாய் வாழும் காட்டேரிக்கு ஒப்பிட்டார். 1911இல் ஓவியம் களவுபோனபோது லூவரின் வெற்றுச் சுவரைப் பார்க்கவும் கூட்டம் வந்தது. அந்தக் கூட்டத்துக்கு ஓவியமே தேவைப்படவில்லை.

ஓவியத்தில் உள்ளது ஒரு தொழில்நுட்பம். முகபாவத்தை நாம் படிப்பது வாயின் ஓரத்திலும் கண்ணின் ஓரத்திலும். அந்த இரண்டு இடங்களையும் லியனார்டோ நிழலில் கரைத்துவிட்டார். விடுபட்டதைப் பார்ப்பவர் தன் கையிலிருந்து போட்டு நிரப்புகிறார். பிறகு, தான் போட்டதையே எடுத்து "ஆழம்" என்று வியக்கிறார். மேலே படிந்த மெருகெண்ணெய் பழுத்துப் பழுப்பாகி நிற்பதும் அந்த ஆழத்தோடு சேர்ந்துவிட்டது.

லிசா கெரார்டினி 1479இல் புளோரன்ஸில் பிறந்தவர். 15 வயதில், மனைவியை இழந்த பட்டு வணிகர் பிரான்செஸ்கோ டெல் ஜோகோந்தோவுக்கு மணமுடிக்கப்பட்டார். 1503 அளவில் ஓவியம் தொடங்கியபோது ஒரு பெண்குழந்தையைப் பறிகொடுத்திருந்தார். இதில் எதையாவது அந்த முகம் நமக்குச் சொல்கிறதா? ஜோகோந்தோ என்றால் மகிழ்ச்சியானவர். அந்தப் பெயரை வைத்து விளையாடியே புன்னகை தீட்டப்பட்டது என்று கலை வரலாற்றாளர் பலர் கருதுகின்றனர். அப்படியானால் நாம் ஐந்நூறு ஆண்டுகளாக ஆராய்ந்தது கணவனின் குடும்பப் பெயரை.

லியனார்டோவுக்கு வேறுவிதமாக வரையத் தெரியாது என்று யாரும் சொல்லமுடியாது. இளவயதில் அவர் தீட்டிய ஜினெவ்ரா தெ பென்சியின் உருவப்படம் வாஷிங்டனில் இருக்கிறது. பின்னால் ஜூனிப்பர் புதர். இத்தாலிய மொழியில் ஜினேப்ரோ, அவளுடைய சொந்தப் பெயரின் எதிரொலி. அவள் சிரிக்கவில்லை. நம்மை மகிழ்விக்க வேண்டும் என்ற கவலையும் அவளுக்கு இல்லை. அந்தப் பலகையின் முன் நிற்கும்போது ஒரு ஆளின் முன் நிற்கிறோம்.

மகத்தான கலை, மாதிரியாக இருந்தவரைக் கடந்துவிடும் என்று மறுப்பார்கள். சரி, கடக்கட்டும். ஒளி, தசை, நீர், பாறை ஆகியவை பற்றி ஒரு மேதை ஆண்டுக்கணக்கில் செய்த ஆய்வு இது என்றால் நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன். அந்த ஆய்வுக்காகவே படத்தைக் கேட்டவரிடம் கொடுக்காமல் சாகும்வரை தன்னிடமே வைத்திருந்தார் போலும். ஆனால் உருவப்படம் என்ற வகையில் இது தன் எதிரே அமர்ந்திருந்த பெண்ணைக் கைவிட்ட படம். இரண்டு பெருமையையும் ஒன்றாகக் கேட்கமுடியாது: அவளைக் கடந்துவிட்டது என்றும் சொல்லி, அவள் மனதைத் திறந்துவிட்டது என்றும் சொல்வது எப்படி?

ஆகவே நம் இதழாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த கதையில் ஒரு பெண் "மோனாலிசாவைப்போல" சிரித்தால், அந்த வரியைச் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்புங்கள். அவள் ஏன் சிரித்தாள் என்று எழுதியவரே யோசித்துச் சொல்லட்டும்.